மஸ்ஜித் இந்தியாவில் மணி என்ன?



பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டமாகட்டும், திருமண விருந்தாகட்டும், நம்மவர் நிகழ்ச்சி எதுவாயினும் அழைப்பிதழில் ஒரு நேரமும் நடப்பில் வேறொரு நேரமும் இருப்பதை நாம் அனைவரும் அறிவோம். ஏழு மணி என்றால் எட்டரை. யாரேனும் முகம் சுளித்தால், "இதுதான் இந்தியன் டைம்!" என்று சொல்லிச் சிரித்து நகர்ந்துவிடுகிறோம். அந்தச் சிரிப்பு எனக்கு உவப்பானதன்று. நம் பிள்ளைகள் அதனைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். காலந்தாழ்ந்து வரும் ஒரு மாணவனைப் பார்த்து, "இந்த இனமே இப்படித்தான்" என்று ஒருவர் கூறும்போது, கூறுபவர் நம்மவரே ஆயினும், அது ஒரு வரலாற்றுக் கூற்றாகிவிடுகிறது. வரலாற்றுக் கூற்று எனில் அதனை வரலாற்றில் வைத்துத்தானே சோதிக்க வேண்டும்? தமிழனுக்குக் காலத்தின் அருமை தெரியாது என்பது மெய்தானா? இந்நாட்டிலேயே, அதுவும் கோலாலம்பூரின் ஒரு தெருவிலேயே நின்று இதற்கு விடை தேடலாம் என்பது என் எண்ணம்.

அத்தெரு மஸ்ஜித் இந்தியா. சேலைக்கடைகளும் நகைக்கடைகளும் பூக்கடைகளும் நெருங்கியிருக்கும் அத்தெருவுக்குப் பெயர் தந்த பள்ளிவாசல், 1863இல் இந்திய முஸ்லிம் வணிகர்களால் மரக் கட்டடமாக எழுப்பப்பட்டது. இப்போதுள்ள கட்டடம் 1960களில் உருவானது. வெள்ளிக்கிழமை உரையைத் தமிழில் கேட்கக்கூடிய பள்ளிவாசல் அது. அங்கிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மணிக்கூண்டு நிற்கிறது. மறுபுறம் சிறிது நடந்தால் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த லெபோ அம்பாங். காலத்தை வெவ்வேறு விதமாக எண்ணிய மக்கள் இத்துணை நெருக்கமாக வாழ்ந்த இடங்கள் மிகுதியாக இரா.

முதலில் ஒரு சிறு வினா. ஒரு நாள் எப்போது தொடங்குகிறது? வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் நள்ளிரவு 12 மணி என்பர். அது பள்ளிக்கூட விடை. பஞ்சாங்கத்தைக் கேட்டால் சூரிய உதயம் என்னும். இசுலாமிய மரபிலோ கதிரவன் மறைந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. தமிழ் முஸ்லிம்களின் நிகழ்ச்சி அறிவிப்புகளில் "வியாழன் மாலை, வெள்ளி இரவு" என்று அச்சிட்டிருப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். அறியாதவர் அச்சுப்பிழை என்றே கருதுவார். அவர் கணக்கில் அது வியாழன் இரவு. அழைத்தவர் கணக்கில் வெள்ளி பிறந்துவிட்டது. ஒரே தெருவில், ஒரே மொழி பேசுவோர் நடுவிலேயே நாளுக்கு மூன்று வாசல்கள் இருக்கின்றன.

நேரம் குறிக்கும் முறையும் அவ்வாறே. மலாய்க்கார நண்பர் "லெப்பாஸ் மக்ரிப்" சந்திக்கலாம் என்றால், மக்ரிப் தொழுகை முடிந்த பிறகு என்று பொருள். அது ஏழரையா, ஏழே முக்காலா என்று அவர் சொல்வதில்லை; சொல்லத் தேவையும் இல்லை. அந்நேரம் கதிரவனோடு சேர்ந்து ஆண்டு முழுவதும் சிறிது முன்னும் பின்னும் நகர்கிறது. பழைய மலாய் வழக்கில் ஒரு பானைச் சோறு வேகும் நேரத்திற்கு "செப்பெனானாக் நாசி" என்றும், ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரத்திற்கு "செப்பெமாக்கான் சீரே" என்றும் பெயர் உண்டு. நம் பாட்டிமாரும் "ஒரு வெற்றிலை போடும் நேரம்" என்றுதானே சொன்னார்கள்! செயலைக் கொண்டு காலத்தை அளந்த இரு இனங்களும் இவ்விடத்தில் ஒத்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

இதனால் நம் முன்னோர்க்கு நுண்ணிய அளவை இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. இன்றைய கணக்கில் நாழிகை 24 நிமிடம், விநாழிகை 24 நொடி. நீர்க்கருவி கொண்டு பொழுதை அளந்து அரசனுக்கு அறிவித்த நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டில் காண்கிறோம். பொழுதைப் பெரும்பொழுது, சிறுபொழுது எனப் பகுத்து, அவற்றை நிலத்தோடும் மனத்தின் உணர்வோடும் இணைத்தது தமிழிலக்கணம். (கார், கூதிர், முன்பனி என்று பெரும்பொழுது ஆறினையும் மனப்பாடம் செய்யும் நம் மாணவர்கள், சன்னலுக்கு வெளியே ஆண்டு முழுவதும் ஒரே வெயிலையும் ஒரே மழையையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது வேறு கதை. பனிக்காலத்தை விளக்க நான் பட்ட பாட்டைத் தனியே எழுத வேண்டும்.)

பஞ்சாங்கத்தோடு கடல் கடந்தவர்கள் மற்றொரு சிக்கலையும் உடன் கொண்டுவந்தார்கள். இராகு காலத்தை எடுத்துக்கொள்வோம். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம்; நான் கணக்கை மட்டும் சொல்கிறேன். உதயம் முதல் மறைவு வரையுள்ள பகற்பொழுதை எட்டாகப் பகுத்தால், திங்கட்கிழமைக்கு இரண்டாம் கூறு இராகு காலம். காலை 6 மணிக்கு உதயம் என்று வைத்துக்கொண்டால் அது 7.30 முதல் 9 வரை. தமிழ்நாட்டு நாள்காட்டிகளில் அச்சாகும் எண்கள் இவையே. கோலாலம்பூரில் ஒரு நாள் 7.15க்கு உதயமானால், அதே இரண்டாம் கூறு ஏறக்குறைய 8.45 முதல் 10.15 வரை வரும். ஊர் நாள்காட்டியை அப்படியே சுவரில் மாட்டிக்கொண்டு 7.30க்கு அஞ்சி, 9 மணிக்கு நிம்மதியாகப் புறப்படுபவர், தம் கணக்கின்படியே இராகு காலத்தின் நடுவில்தான் புறப்படுகிறார்! திதிக்கும் நட்சத்திரத்திற்கும் இவ்விதி பொருந்தாது. அவை விண்ணில் நிகழ்பவை. உலகெங்கும் ஒரே கணத்தில் மாறுபவை. ஆகவே இந்திய நேரத்தோடு இரண்டரை மணியைக் கூட்டினால் போதும். தீபாவளி போன்ற திருநாள்கள் என்றைக்கு என்று அவ்வப்போது எழும் குழப்பத்திற்கு இந்த இரண்டரை மணியும் ஒரு காரணம். நள்ளிரவுக்கு முன் அங்கே முடியும் திதி, இங்கே அடுத்த தேதிக்குள் வந்துவிடக்கூடும்.

இனி அந்த மணிக்கூண்டுக்கு வருவோம். 1897இல் விக்டோரியா அரசியாரின் வைரவிழாவை ஒட்டி அதன் மணி முதன்முதலில் ஒலித்தது. அக்காலத்தில் ஒவ்வோர் ஊரும் தன் தலைக்கு மேல் கதிரவன் வரும் நேரத்தையே நண்பகலாகக் கொண்டது. கோலாலம்பூரின் நேரம் கிரீனிச் நேரத்தைவிட 6 மணி 46 நிமிடம் 46 நொடி முன்னால் இருந்தது. சிங்கப்பூருக்கு 6 மணி 55 நிமிடம் 25 நொடி. புகைவண்டியும் தந்தியும் பரவிய நாட்டில் ஊருக்கு ஒரு மணி வைத்துக்கொண்டு காலம் தள்ள இயலாது. 1901 சனவரி 1ஆம் நாள் சிங்கப்பூர் நேரமே மலாய் நாட்டுக்கும் பொதுவாக்கப்பட்டது. கோலாலம்பூர்வாசிகள் ஏறத்தாழ ஒன்பது நிமிடங்களை இழந்தார்கள். 1905 சூன் 1இல் அது முழு ஏழு மணியாகத் திருத்தப்பட்டது. 1933இல் மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று 20 நிமிடம் முன்தள்ளினார்கள். 1941 செப்டம்பரில் மேலும் 10 நிமிடம்.

அடுத்த சில மாதங்களிலேயே சப்பானியர் வந்தனர். வந்தவர்கள் ஆட்சியை மட்டுமன்றிக் கடிகாரத்தையும் கைப்பற்றினர். டோக்கியோ நேரம் நடைமுறைக்கு வந்தது. ஒரே வீச்சில் ஒன்றரை மணி முன்னேற்றம். ஏழேகால் ஆகும்போது இன்னும் விடியாத வானத்தைப் பார்த்தபடி மக்கள் வேலைக்குச் சென்றனர். ஆண்டும் மாறிற்று, 1942 என்பது சப்பானியப் பேரரசின் கணக்கில் 2602. சயாம் மரண இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து அள்ளிச் செல்லப்பட்ட நம்மவர்கள் அந்தக் கடிகாரத்தின் கீழேதான் சென்றார்கள். 1945 செப்டம்பரில் பழைய ஏழரை மணிக் கணக்கு மீண்டது.

கடைசி மாற்றத்தை உங்களில் மூத்தவர்கள் நேரில் கண்டிருப்பீர்கள். 1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் 12ஐக் காட்டுமாறு திருப்பப்பட்டன. சபா, சரவாக்கோடு நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும் என்பது நோக்கம். சிங்கப்பூரும் நம்மைப் பின்பற்றி மாற்றிக்கொண்டது. 1900இல் கோலாலம்பூரில் பிறந்து 82 வயது வரை அங்கேயே வாழ்ந்த ஒருவர், இருந்த இடத்தைவிட்டு அசையாமலே ஏழு முறை தம் கடிகாரத்தைத் திருப்பியிருப்பார். இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தால் நம் கடிகாரம் நம் கதிரவனைவிட 73 நிமிடம் முந்தி ஓடுகிறது. பள்ளிவாசலில் லுஹர் தொழுகைக்கான அழைப்பு ஒரு மணிக்கு மேல் ஒலிப்பதன் காரணம் இதுவே. நண்பகலே நமக்கு ஒன்றே கால் மணிக்குத்தான் வருகிறது! வெள்ளிக்கிழமைகளில் அரசு அலுவலகங்கள் 12.15 முதல் 2.45 வரை இடைவேளை விடுவதும் இந்தக் கதிரவனுக்கு ஒதுங்கித்தான். வாரமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. கெடாவில் பணியாற்றும் ஆசிரிய நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்குச் செல்கிறார்கள். சொகூரில் 2014 முதல் வெள்ளியும் சனியும் விடுமுறையாக இருந்து, 2025 சனவரி முதல் மீண்டும் சனி, ஞாயிறாகிவிட்டது.

இவ்வளவையும் நான் அடுக்குவதற்குக் காரணம் உண்டு. கடிகாரம் காட்டும் மணியை நாம் இயற்கை போலவும், அதற்கு ஒத்துவராதவனைக் குறையுள்ளவன் போலவும் எண்ணப் பழகிவிட்டோம். மணியோ, ஆட்சியாளரின் ஆணையால் மாறிக்கொண்டே வந்த ஒன்று. அந்த ஆணைக்கு இந்நாட்டில் எவரினும் கூடுதலாகக் கீழ்ப்படிந்தவர்கள் யார் என்று பாருங்கள்.

இரப்பர்ப் பால் விடியலுக்கு முன்னர்தான் நன்றாக வடியும். வெயில் ஏறினால் இலைகள் நீரை ஆவியாக விட, மரத்தின் உள்ளழுத்தம் குறைந்து பால் சுரப்பு தளர்ந்துவிடும். ஆகவே தோட்டத் தொழிலாளி இருளில் எழ வேண்டும். தப்போ மணியோ ஒலிக்கும். பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்க வேண்டும். கிராணி செக்ரோலில் பெயரைக் குறிப்பார். பெரட்டுக்குப் பிந்தியவருக்கு அன்றைய வேலையும் இல்லை, கூலியும் இல்லை. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்படும்வரை வேலைக்கு வராதிருத்தல் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். அதன்பின் 1938 வரை கங்காணி முறையில் வந்தவர்களுக்கும் பெரட்டு பெரட்டாகவே இருந்தது. என் பாட்டி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் சீவியவர். வீட்டில் கடிகாரம் கிடையாது. பாட்டிக்கு மணி பார்க்கவும் தெரியாது. ஆனால் நான்கு மணிக்கு அடுப்பு எரிந்துவிடும். கைப்பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டு, வாளியும் உளியுமாக நிரைக்குப் போய், மங்குகளைத் துடைத்து வைத்துச் சீவத் தொடங்கும்போது கிழக்கு வெளுத்திருக்காது. இந்தோனேசியர்கள் நேரந்தவறுவதை 'ஜாம் காரெட்', அதாவது இரப்பர்க் கடிகாரம், என்று கேலியாகச் சொல்வர். இழுத்தால் நீளுமாம். உண்மையான இரப்பரின் கடிகாரம் என் பாட்டிக்கு ஒரு நாளும் நீண்டு கொடுத்ததில்லை.

தோட்டத்திற்கு வெளியேயும் பாருங்கள். 1886இல் கிள்ளானை நோக்கிய இருப்புப் பாதை திறக்கப்பட்ட பின், புகைவண்டி நிலையங்களில் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் அமர்ந்தவர்களுள் யாழ்ப்பாணத்துத் தமிழர் மிகப் பலர். பிரிக்பீல்ட்ஸ் அவர்களால் வளர்ந்த பகுதி. நாட்டின் கால அட்டவணையைக் கையில் வைத்து வண்டிக்குக் கொடி காட்டியவர் தமிழர். லெபோ அம்பாங்கில் நகரத்தார் நிறுவனங்களின் முகவர்கள் மூன்றாண்டுக் கணக்கில் வந்து தங்கி, கொடுத்த பணத்துக்கு நாளெண்ணி வட்டி கணக்கிட்டனர். காலத்தைப் பணத்தோடு சமன்செய்து பெஞ்சமின் பிராங்கிளின் 1748இல் இளம் வணிகர்க்கு எழுதிய அறிவுரை உலகப் புகழ்பெற்றது. கிட்டங்கியில் கணக்குப் பழகிய செட்டிப்பிள்ளைக்கு அதனை எவரும் சொல்லித் தந்திருக்க வேண்டியதில்லை.

மாறாக, காலந்தவறாமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும் ஆங்கிலேயரும் பிறவியிலேயே அவ்வாறு இருந்தவரல்லர். ஆலைகள் பெருகுவதற்கு முன்னர் அந்நாட்டுக் கைவினைஞர்கள் திங்கட்கிழமையையும் விடுமுறையாக்கி, அதற்குப் 'புனிதத் திங்கள்' என்று பெயரும் வைத்திருந்தனர். ஆலை மணியும் அபராதமும் பள்ளிக்கூடமும் சேர்ந்து பல தலைமுறைகளில் அவர்களை மாற்றின. வரலாற்றாசிரியர் இ.பி. தாம்சன் 1967இல் இதனை விரிவாக எழுதியுள்ளார்.

அப்படியானால் எட்டரைக்குத் தொடங்கும் ஏழு மணி விருந்து? அது மெய்தான், மறைப்பதற்கில்லை. அமெரிக்க மானிடவியலறிஞர் எட்வர்ட் ஹால், ஒரு நேரத்தில் ஒரே வேலை என்று காலத்தைத் துண்டுபோடும் பண்பாடுகளையும், பல வேலைகளையும் பல மனிதர்களையும் ஒருசேரத் தாங்கும் பண்பாடுகளையும் பிரித்துக் காட்டினார். பயனுள்ள பகுப்புதான். ஆயினும் இனத்துக்கு ஒன்று என ஒட்டுச்சீட்டு ஒட்ட அதனைப் பயன்படுத்துவது எனக்கு உடன்பாடில்லை. நம் திருமண மண்டபத்தையே பாருங்கள். விருந்துக்கு ஒன்றரை மணி பிந்தும் அதே குடும்பம், முகூர்த்தத்தில் ஒரு நிமிடம்கூடப் பிசக விடுவதில்லை. "நேரம் போகிறது, பெண்ணை அழைத்து வாருங்கள்" என்று ஐயர் குரல் கொடுத்ததும் மண்டபமே பரபரப்பதைக் காண்கிறோம். தாலி கட்டும் நேரம் விண்ணைப் பார்த்துக் குறிக்கப்பட்டது, அது காத்திராது. விருந்தின் நேரம் மனிதர்கள் வந்து சேர்வதைப் பொறுத்தது, அது காத்திருக்கும். பெரட்டுக்கு ஒரு காலம், முகூர்த்தத்துக்கு ஒரு காலம், உறவுக்கு ஒரு காலம் என்று ஒரே மனிதர் மூன்றையும் கையாண்டார். ஆறு நாளும் பிறர் மணிக்கு எழுந்தவர், ஞாயிற்றுக்கிழமை தம் வீட்டு விழாவில் மட்டும் எந்த மணிக்கும் எழாதிருந்ததில் எனக்கு வியப்பில்லை. ஆனால் எழுநூறு பேரைப் பசியோடு உட்கார வைப்பது உறவைப் போற்றுவதாகாது. நள்ளிரவில் வீடு திரும்பும் குழந்தை மறுநாள் என் வகுப்பில் தூங்குகிறது. அழைப்பிதழில் மெய்யான நேரத்தை அச்சிடுங்கள் என்று பெற்றோர்களை இங்கும் வேண்டிக்கொள்கிறேன்.

பள்ளிக்கு வருவோம். காலைப் பள்ளி ஏழரை மணி அளவில் தொடங்குகிறது. கோலாலம்பூரில் கதிரவன் எழுவதோ ஏறக்குறைய 7 மணிக்கும் 7.30க்கும் இடையில், பிப்ரவரித் தொடக்கத்தில் ஏழரையைத் தொடுகிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த பின், தமிழ்ப்பள்ளிக்கு நெடுந்தொலைவிலிருந்து வேனில் வரும் பிள்ளைகள் பலர். ஆறு மணிக்கெல்லாம் இருட்டில் வேனுக்குக் காத்து நிற்கும் ஏழு வயதுக் குழந்தை தன் பூட்டியின் பெரட்டு வாழ்க்கையைத்தான் தொடர்கிறது. தாய் தொழிற்சாலைப் பேருந்தில் முன்னதாகவே போயிருப்பார். வேன் நெரிசலில் சிக்கிப் பத்து நிமிடம் பிந்தினால் அந்தக் குழந்தையின் பெயர் 'தாமதமாக வருவோர்' ஏட்டில் ஏறுகிறது. ஏட்டில் எழுதட்டும், ஒழுங்கு வேண்டும். ஆனால் அதற்கு மேலே இனத்தின் பெயரையும் சேர்த்து எழுதாதீர்கள் என்பதே சக ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள்.

ஆறாம் ஆண்டுக் கணிதத்தில் கால மண்டலம் கற்பிக்கிறோம் அல்லவா? இலண்டனில் மணி இத்தனை, சிட்னியில் எத்தனை என்னும் பயிற்சிகளோடு நான் இரண்டு வேலைகளைச் சேர்த்துக்கொள்வதுண்டு. ஒன்று, திடலில் ஒரு குச்சியை நட்டு, நிழல் எப்போது மிகக் குறுகுகிறது என்று பார்த்துக் குறிப்பது. பன்னிரண்டு மணிக்குக் குறுகும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பர். நவம்பர்த் தொடக்கத்தில் ஒரு மணி வாக்கிலும் பிப்ரவரியில் 1.25ஐத் தாண்டியும் குறுகும். மார்ச்சு மாத இறுதியில் நிழலைத் தேடத்தான் வேண்டியிருக்கும்.

மற்றொன்று ஒரு கணக்கு. 1935இல் ஒரு தோட்டத்தில் காலை 5 மணிக்குப் பெரட்டு என்று வைத்துக்கொள்க. இன்றைய கடிகாரத்தில் அது என்ன மணி? அன்றைய நேரம் கிரீனிச்சைவிட 7 மணி 20 நிமிடம் முன். இன்று 8 மணி. எனவே 5.40. வகுப்பில் பலர் இதனை எளிதாகக் கண்டுபிடிப்பர். அதே பெரட்டு 1943இல் டோக்கியோ நேரப்படி 5 மணிக்கு என்றால்? இதில்தான் தடுமாறுவார்கள். கூட்டுவதா, கழிப்பதா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். உலகப் படத்தை விரித்து டோக்கியோவைக் காட்டிய பிறகு, நான்கு மணி என்று எழுதுவார்கள்.